தண்ணியை நான் நிறுத்தல

உக்காருங்க அண்ணாச்சி. ஃபேன் காத்து இந்தப் பக்கம்தான் வரும், இங்கிட்டு உக்காருங்க.

கேட்டுட்டுத்தான வந்திருக்கீக? மழுப்ப வேணாம். முக்குல டீக்கடைக்கிட்ட வண்டியை நிறுத்தி, சேவு போடுற சீனியம்மா வீடு எதுன்னு நீங்க கேட்டப்பவே எனக்குச் சேதி வந்துருச்சு. வழி சொன்னவன் வழியை மட்டுமா சொல்லியிருப்பான்? மூத்த மருமகளைக் கொளுத்தின வீடு. தாலியை அறுத்த மாமியார். தவிச்ச வாய்க்குத் தண்ணி குடுக்காதவ. மூணையும் சொன்னானா, ரெண்டோட நிறுத்திக்கிட்டானா?

உங்க மகளை என் சின்னவனுக்குக் கேட்டு ஆள் விட்டது நான்தான். விசாரிக்காம யாரும் பொண்ணு குடுக்க மாட்டாக. நானா இருந்தாலும் விசாரிப்பேன். ஆனா இதுக்கு முந்தி வந்தவுக எல்லாம் டீக்கடையோட திரும்பிப் போயிட்டாக. நீங்க வாசப்படி ஏறி உள்ள வந்துட்டீக. அதுக்காகச் சொல்றேன். மத்தபடி யாருக்கும் பதில் சொல்லணும்னு எனக்கு ஒண்ணும் தலையெழுத்து இல்லை.

அவன் சொன்ன மூணுல ரெண்டு நெசம் அண்ணாச்சி. தாலியை அறுத்தது நான்தான். தண்ணி குடுக்காததும் நான்தான். கொளுத்தினது மட்டும் பொய்.

என் மூத்தவன் செண்பகராஜ் பொண்டாட்டி பேரு முனீஸ்வரி. முனீசுன்னு கூப்பிடுவேன். எங்களுக்குள்ள ஒத்துப் போகும்னு நினைச்சுக்கிடாதீக. வந்த நாள்ல இருந்தே ஒத்துப் போகாது. மாவுக்குப் பெருங்காயம் போதும்னு நான் சொன்னா, பூண்டு தட்டிப் போடலாம்னு அவ சொல்லுவா. பூண்டு போட்ட சேவுதான் இப்ப நிறைய ஓடுது, அது வேற விசயம். அன்பா ஒரு வார்த்தை நான் அவகிட்டப் பேசினதில்லை. பேசி என்ன ஆகப்போகுது? வேலை நடந்தாச் சரி. அவளும் என்கிட்ட வந்து குழைஞ்சு நிக்கிறவ இல்லை. அது ஒண்ணுதான் அவகிட்ட எனக்குப் பிடிச்சது.

இது நடந்தது போன தீவாளிக்கு முந்தின தீவாளி. பண்டிகைச் சீசன்னா இந்த வீட்டுல அடுப்பு அணையாது. பின்னாடி தகரக் கொட்டகை இருக்கு பாருங்க, அங்கதான் வேலை. நான் மாவு பிசைவேன், அவ எண்ணெய்ச் சட்டிக்கிட்ட நின்னு சேவு தேய்ச்சு எடுப்பா. அடுப்பு ஸ்டாண்டு ஆடுதுன்னு ஒரு வாரமா நச்சரிச்சுக்கிட்டே இருந்தா. பண்டிகை முடியட்டும், பட்டறைக்கு அனுப்புவோம்னேன். நீங்களும் வியாபாரிதான, நடுச் சீசன்ல யாராவது அடுப்பை நிறுத்துவாகளா? சீலையும் அப்படித்தான். பருத்திச் சீலை துவைச்சா காய மாட்டேங்குதுன்னு, அடுப்படிக்குக் கட்ட நானே பார்த்து நாலு பாலியஸ்டர் சீலை எடுத்துக் குடுத்திருந்தேன். மருமகளுக்கு நான் செய்யலைன்னு யாராவது சொல்லட்டும் பார்ப்போம்.

மத்தியானம். சாப்பிட்டு முடிச்சு நான் மாவுக்கிட்ட உக்காந்திருக்கேன். தடக்குன்னு ஒரு சத்தம். திரும்புறேன், சட்டி சாஞ்சு எண்ணெய் அவ வலப்பக்கமா கொட்டுது. கொட்டின எண்ணெய்ல அடுப்புத் தீ ஏறி, அங்க இருந்து சீலைக்கு வந்துருச்சு. கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள.

அவ கத்தலை அண்ணாச்சி. எனக்கு அதுதான் இன்னமும் காதுல கிடக்கு, அவ கத்தாதது. வாயைத் திறந்தது திறந்தபடி ஓடுறா. தீப்பிடிச்சா ஓடக்கூடாது. ஓட ஓடக் காத்து வாங்கித் தீ மேல ஏறும். வாசலைப் பார்த்து ஓடினவ கொண்டையை எட்டிப் பிடிச்சு இழுத்துத் தரையில தள்ளினேன். ஆமா, கொண்டையைப் பிடிச்சுத்தான். கையில அதுதான் அகப்பட்டுச்சு. எதிர்த்த மாடியில துணி காயப்போட்டவ அதைப் பார்த்துட்டா. 'மாமியார் மருமக மயிரைப் பிடிச்சு இழுத்துத் தரையில அடிச்சா'ன்னு போலீஸ்கிட்டச் சொன்னா. அவ பார்த்தது சரிதான். எதுக்குன்னுதான் பார்க்கலை.

மாவு மூட்டையை மூடியிருந்த ஜமுக்காளம் நல்ல கனத்த பருத்தி. அதை உருவி அவ மேல போட்டு அமுக்கினேன். உருட்டினேன். திரும்பவும் அமுக்கினேன். தீ அணைஞ்சுது. ஓடிப்போய் சிலிண்டரை மூடினேன். தரையில எரிஞ்ச எண்ணெய் மேல மண்ணை அள்ளிப் போட்டேன். எரியிற எண்ணெய்ல தண்ணி ஊத்துனா வெடிச்சு மேல வரும்னு சேவு போடுற எல்லாருக்கும் தெரியும்.

என் விரலைப் பார்க்கிறீகளா? அது மடங்காது. ஜமுக்காளத்துக்கு மேல அமுக்கினப்ப வெந்திருக்கும். யாரு கவனிச்சா? அதைப் பத்திப் பேச்சு வேணாம், நடந்ததைச் சொல்லி முடிச்சிர்றேன்.

நூத்தியெட்டுக்குப் போன் போட்டேன். ஒரு பிள்ளை எடுத்துச்சு. பொம்பளைப் பிள்ளை, இளசான குரல். ஊரு, தெரு எல்லாம் கேட்டுக்கிட்டு, "வண்டி கிளம்பிருச்சும்மா, நீங்க போனை வைக்காதீங்க"ன்னுச்சு. நான் ஸ்பீக்கர்ல போட்டுத் துவைக்கிற கல்லு மேல வச்சேன்.

"தீ முழுசா அணைஞ்சிருச்சாம்மா?"

"அணைஞ்சிருச்சு."

"பேர் சொல்லிக் கூப்பிட்டா முழிச்சுப் பார்க்கிறாங்களா? மூச்சு விடுறாங்களா?"

"முழிச்சிருக்கா. நடுங்குறா."

"குழாய்த் தண்ணி இருக்கா? சாதாரணத் தண்ணி போதும். ஐஸ் வேண்டாம். வெந்த இடத்துல மெதுவா ஊத்திக்கிட்டே இருங்க. இருபது நிமிஷமாவது ஊத்தணும். நிறுத்தாதீங்கம்மா."

என் வாழ்க்கையில யாரு சொல்லியும் நான் கேட்டதில்லை அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரர் இருந்தப்ப அவர் சொல்லையும் கேட்டதில்லை. அந்தப் பிள்ளை சொன்னதைக் கேட்டேன். ஏன் கேட்டேன்னு கேட்டா எனக்குத் தெரியலை. அதுக்குக் குரல் நடுங்கலை. அந்த நேரத்துல நடுங்காத குரலா எனக்குக் கேட்டது அது ஒண்ணுதான்.

தொட்டித் தண்ணியை வாளியில மோந்து ஊத்த ஆரம்பிச்சேன். அதுக்குள்ள ஊரே கூடிருச்சு. பக்கத்து வீட்டுக் குருவம்மாதான் முதல் ஆளு. "தண்ணி ஊத்தாத சீனி, கொப்பளம் கொப்பளமா வந்துரும், வேணாம்"னு கத்துறா. ஒருத்தன் பேனா மைப் புட்டியோட நிக்கிறான். இன்னொருத்தி பல்லு விளக்குற பேஸ்ட்டைப் பிதுக்கிக் கையில வச்சிருக்கா. ஒருத்தர் முட்டையை உடைச்சு வெள்ளைக்கருவைக் கொண்டாங்கறார். குருவம்மா உள்ள ஓடிப்போய் அவ வீட்டு இட்லி மாவை ஒரு குண்டாவோட தூக்கிட்டு வந்துட்டா.

போனுக்குள்ள இருந்து அந்தப் பிள்ளை சொல்லுது, "அம்மா, எதையும் பூச விடாதீங்க. தண்ணி மட்டும்தான். கொப்பளம் வந்தா வரட்டும், உடைக்கக் கூடாது."

குருவம்மா குனிஞ்சு ஒரு கை மாவை அள்ளினா. நான் குண்டாவைத் தட்டிவிட்டேன். மாவு முத்தத்துத் தரை முழுக்கச் சிதறிப்போச்சு. "என் பிள்ளை மேல எவ கை வைக்கிறீகன்னு பார்க்கிறேன்"னு வாளியை ஓங்கினேன். எல்லாரும் ரெண்டடி பின்னால போனாக. குருவம்மாகிட்ட அன்னைக்கோட எனக்குப் பேச்சு வார்த்தை கிடையாது. கொஞ்ச நேரத்துல தொட்டித் தண்ணி வத்திருச்சு, அவதான் போய் அவ வீட்டு மோட்டாரைப் போட்டு ஓஸ் குழாயை இழுத்துட்டு வந்து குடுத்தா, அது வாஸ்தவம். தண்ணி என்ன அவ சொத்தா? பூமியில இருந்து வர்றது.

ஊத்திக்கிட்டே இருக்கேன். போன்ல அந்தப் பிள்ளை கேக்குது, "வளையல், மோதிரம் ஏதாவது போட்டிருக்காங்களா? வீக்கம் வர்றதுக்கு முன்னாடி கழட்டிருங்க. துணி ஒட்டியிருந்தா பிய்க்காதீங்க, ஒட்டாத துணியை மட்டும் வெட்டி எடுங்க."

வளையலைக் கழட்டினேன். மோதிரத்தைத் தண்ணியோட தண்ணியாத் திருகி எடுத்தேன்.

"கழுத்துல?"

"தாலிக்கொடி கிடக்கு."

"கழுத்துல காயம் இருக்காம்மா?"

"இருக்கு. வலப்பக்கம் தாடை வரைக்கும்."

"அப்ப அதையும் எடுத்துருங்க. கழுத்து வீங்கிருச்சுன்னா எடுக்க முடியாது. மூச்சுக்குக் கஷ்டமாயிரும்."

நான் சொன்னேன், "தாலிம்மா அது."

அந்தப் பிள்ளை, "தெரியுதும்மா, எடுத்துருங்க"ன்னுச்சு.

கொக்கியைத் திருகிப் பார்த்தேன், என் விரல் பிடிக்கலை. சேவு பாக்கெட் வெட்டுற கத்திரி மாடத்துல இருந்துச்சு, எடுத்தேன். முனீசு கண்ணை முழிச்சுப் பார்த்தா. இடது கையால என் மணிக்கட்டைப் பிடிச்சா. "அத்தை, வேணாம்"னா. அந்த நிலைமையிலயும் அவளுக்கு அதுதான். நான் "விடு"ன்னேன். விடலை. "நீ இருந்தாத்தானடி தாலி, கையை எடு"ன்னேன். எடுத்துட்டா. வெட்டிட்டேன்.

எங்க வீட்டுக்காரர் போனப்ப என் தாலியை எடுக்கையில ஏழெட்டுப் பொம்பளைக சுத்தி நின்னு அழுதாக. இவ தாலியை அறுத்தப்ப ஒருத்தியும் அழலை. எல்லாரும் ஏசினாக. "சுமங்கலி கழுத்துல கத்திரி வச்சிட்டாளே, கட்டையில போறவ"ன்னு என் காதுபடவே சொன்னாக. சொல்லட்டும். அவுக கழுத்தா வீங்குது?

அந்த நேரம் பார்த்து என் மகன் செண்பகராஜ் வந்து சேர்ந்தான். கடைக்குச் சரக்கு போடப் போனவனுக்கு யாரோ போன் பண்ணியிருக்காக. வந்தவன் கண்ணுல முதல்ல பட்டது என் கையில தொங்கின தாலி. "ஏம்மா, நான் என்ன செத்தா போயிட்டேன்?"னு கேட்டான்.

"சாகலைல்ல, வந்து ஓஸைப் பிடி"ன்னேன்.

அவன் பிடிக்கலை. இப்பவே பைக்குல நடுவுல உக்கார வச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம்கிறான். கூட இருந்தவன் ஒருத்தன், தீக்காயத்துக்கு எண்ணெய் போடுற வைத்தியர் ஒருத்தர் இருக்கார், அங்க போவோம்கிறான். வண்டியை வாசலுக்கே கொண்டாந்துட்டாக. நான் போய் வண்டிக்கு முன்னால நின்னேன். "வெந்த உடம்பைப் பைக்குல உக்கார வச்சு, அவ மயங்கிச் சரிஞ்சா யாருடா பிடிப்பா? ஆம்புலன்ஸ் வந்துக்கிட்டிருக்கு. அது வர்ற வரைக்கும் தண்ணி ஊத்தணும். ஏத்தணும்னா என் மேல வண்டியை ஏத்திட்டுப் போ"ன்னேன். வண்டியை விட்டுட்டு வந்து ஓஸைப் பிடிச்சான். அழுதுக்கிட்டே பிடிச்சான். தண்ணி கண்ட பக்கமும் போச்சு, நான் அவன் கையைச் சேர்த்துப் பிடிச்சுக்கிட்டேன்.

இப்ப மூணாவதுக்கு வாறேன். தண்ணி.

ஊத்திக்கிட்டு இருக்கையிலேயே அவளுக்கு நாக்கு வறண்டுருச்சு. "அத்தை, குடிக்கத் தண்ணி குடுங்க"ன்னா. போன்ல இருந்த பிள்ளைக்கு அது கேட்டுருச்சு. "வேண்டாம்மா. பெரிய காயம், மயக்க மருந்து குடுக்க வேண்டி வரலாம், வாந்தி வந்தா மூச்சுல போயிரும். வாய்வழியா எதுவும் குடுக்காதீங்க"ன்னுச்சு. அவ திரும்பத் திரும்பக் கேக்கிறா. உடம்பெல்லாம் தண்ணி ஓடுது, ஒரு வாய் குடுங்க அத்தைங்கிறா. உதட்டு ஓரம் வழியிற தண்ணியை நாக்கை நீட்டி நக்கப் பார்க்கிறா. நான் அவ முகத்தை அந்தப் பக்கம் திருப்பி விட்டேன்.

பிள்ளைக்கு ஒரு சொட்டுக் குடுக்காத பாவின்னு சுத்தி நின்னவுக மண்ணை வாரித் தூத்தினாக. நெசம்மாவே ஒருத்தி மண்ணை வாரித் தூத்தினா. எனக்கு அது பெருசில்லை. முனீசு என்னைப் பார்த்த பார்வை இருக்கே. அதைச் சொல்ல எனக்குத் தெரியாது. நான் அழுதேனான்னு கேக்காதீக. எனக்கு அழுகை வராது. ஓஸ் தண்ணி முகத்துல தெறிச்சிருக்கும்.

பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்கன்னு அந்தப் பிள்ளை சொல்லுச்சு. என்ன பேசுறதுன்னு தெரியலை. எங்களுக்குள்ள பேச்சுன்னா சண்டைதான. "பூண்டு போட்டா சேவு நமுத்துப் போகும்"னேன். "போகாது"ன்னா. "போகும்"னேன். "பொரிச்ச சூட்டோட மூடாம வச்சா நமுக்காது அத்தை"ன்னா. குரல் கரகரன்னு மாறிக்கிட்டே வருது. குரல் மாறுதுன்னு போன்ல சொன்னேன். "வண்டியில இருக்கிறவங்ககிட்ட இப்பவே சொல்லிடுறேம்மா"ன்னுச்சு. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் பூண்டுக்காகச் சண்டை போட்டோம்.

வெந்த இடத்தைச் சுத்தமான துணியால தளர்வா மூடணும்னு போன்ல அந்தப் பிள்ளை சொன்னப்ப, என் வீட்டுல இருந்த துணி எல்லாத்துலயும் எண்ணெய்ப் பிசுக்கு. குருவம்மா பேசாம வீட்டுக்குள்ள போய் உறை பிரிக்காத புது வேட்டி ஒண்ணைக் கொண்டுவந்து நீட்டினா. அவ மகனுக்குத் தீவாளிக்கு எடுத்தது. வாங்கி விரிச்சேன். வேட்டி குடுத்துட்டா எல்லாம் சரியாப் போச்சா? கொண்டையைப் பிடிச்சதையும் தாலியையும் தண்ணியையும் தெருத்தெருவாச் சொன்னதும் அதே வாய்தான். சொன்னதுல பொய் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

பெரிய ஆஸ்பத்திரியில ஒரு சின்ன வயசு டாக்டர் வெளிய வந்து, "தண்ணி ஊத்தினது யாரு?"ன்னு கேட்டார். வழி நெடுக எல்லாரும் ஏசினதுல நான் சண்டைக்குத் தயாரா நின்னேன். "நான்தான். அதுக்கு என்ன இப்போ?"ன்னேன். "நல்ல வேலை பண்ணீங்கம்மா. இல்லைன்னா இன்னும் ஆழமாப் போயிருக்கும். செயினை எடுத்ததும் நல்லதாப் போச்சு, கழுத்து வீங்க ஆரம்பிச்சிருச்சு"ன்னார். சண்டைன்னா எனக்குப் பேச வரும். அவர்தான் என் கையைப் பார்த்து நர்ஸைக் கூப்பிட்டார்.

அவ அம்மா வெள்ளத்தாய் வந்து சேர்ந்தா. மகளை உள்ள போய்ப் பார்த்துட்டு வெளிய வந்தவ நேரா என்கிட்டதான் வந்தா. "என் மக தாலி எங்க?"ன்னா. மடியில இருந்து எடுத்துக் குடுத்தேன். அறுந்து கிடந்ததைப் பார்த்ததும் என் கன்னத்துல அறைஞ்சா. ஆஸ்பத்திரி வராந்தாவுல, அத்தனை பேர் பார்க்க. என்னைய அறைஞ்ச ஒரே ஆளு அவதான் அண்ணாச்சி. நான் திருப்பிக் கை ஓங்கலை. ஏன் ஓங்கலைன்னு என் மகனுக்கே ஆச்சரியம். என் மகளா இருந்து அந்தக் கோலத்துல பார்த்திருந்தா நானும் அறைஞ்சிருப்பேன். ஒரு அறையோட நிறுத்தியிருக்க மாட்டேன்.

போலீஸ்காரம்மா வந்து என்னைய ஒரு பெஞ்சுல உக்கார வச்சு, அங்க இங்க நகரக்கூடாதுன்னுட்டா. மருமக மேல தீ, பக்கத்துல மாமியார். வேற என்ன நினைப்பாக? எத்தனை வீட்டுல அப்படித்தான நடந்திருக்கு? ஒரு நீதிபதி அம்மா வந்து, எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு அவகிட்ட வாக்குமூலம் வாங்கினாக. கதவுக்கு இந்தப் பக்கம் நான். எதுக்க வெள்ளத்தாய். நான் நினைச்சேன், இவ என்ன வேணாலும் சொல்லலாம். எத்தனை வருசமா நான் திட்டினதுக்கு இன்னைக்கு ஒரு வார்த்தை போதும். குடிக்கத் தண்ணி கேட்டேன், குடுக்கலைன்னு மட்டும் சொன்னாக்கூடப் போதும்.

அவ சொன்னது இவ்வளவுதான். "அடுப்பு சாஞ்சிருச்சு. யாரும் என்னைய ஒண்ணும் பண்ணலை. அத்தைதான் அணைச்சாங்க." யாரும் மிரட்டிச் சொல்ல வச்சாகளான்னு ரெண்டு மூணு விதமாக் கேட்டாகளாம், அதையேதான் சொல்லியிருக்கா. அடுப்பு எப்படிச் சாஞ்சுச்சுன்னு கேட்டதுக்கு, "கவனிக்கலை, என் கை பட்டிருக்கும்"னு சொன்னாளாம். அவ கை பட்டதா எனக்குத் தெரியலை. இருக்கும். அவளுக்கு எப்பவுமே அவசரம். உள்ளதை உள்ளபடி அவ சொன்னா. நான் தலை நிமிர்ந்து வெளிய வந்தேன். என் மேல ஒரு குத்தம் சொல்ல முடியுமா யாராலயாவது?

மாசக்கணக்காக் கிடந்தா. தொடையில இருந்து தோலெடுத்துக் கையில வச்சுத் தைச்சாக. கட்டு மாத்துற அன்னைக்கெல்லாம் அவ போடுற சத்தத்துல அந்த வார்டே அடங்கிப் போகும். வெள்ளத்தாய் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ரெண்டு பேருக்கும் பேச்சில்லை. அவ துணி அலசுவா, நான் பிழிவேன். அவ ராத்தங்கினா நான் பகல். ஒரு நாள் அவ கொண்டு வந்த சோத்துல பாதியை என் தட்டுல வச்சா. தின்னேன். அவ்வளவுதான் எங்க சமாதானம்.

வீட்டுக்குப் போகலாம்னு டாக்டர் சொன்னதும், வெள்ளத்தாய் அவ ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. நான் தடுக்கலை. வான்னும் கூப்பிடலை. நான் எதுக்குக் கூப்பிடணும்? சாயங்காலமானா பஸ் ஸ்டாண்டுப் பக்கம் காத்தாடப் போவேன், அவ ஊரு பஸ் வர்ற நேரம், அவ்வளவுதான். ஒரு நாள் அந்த பஸ்ல இருந்து இறங்கினா. பெட்டியை நான் வாங்கலை, அவளே தூக்கிக்கிட்டா. நடந்து வர்றப்ப, "தெனமும் இங்கதான் உக்காந்திருக்கீகளாமே அத்தை, உங்க மகன் சொன்னாக"ன்னா. "காத்து வாங்க வந்தேன்"னேன்.

வந்தவ சும்மா இருந்தாளா? அடுப்பை எல்லாம் மாத்திட்டா. ஸ்டாண்டைத் தரையோட சேர்த்துச் சிமெண்டு வச்சுப் பூசிட்டா. பாலியஸ்டர் சீலை நாலையும் தூக்கி வெளிய போட்டுட்டா. நான் எடுத்துக் குடுத்தது. மனசுக்குக் கஷ்டமா இருக்காதா? அடுப்படிக்குப் பருத்திதான் கட்டணும்னு எனக்கே உத்தரவு. கொட்டகை வாசல்ல எந்நேரமும் தண்ணித் தொட்டி நிறைஞ்சிருக்கணும், மணல் வாளி இருக்கணும். நான் பணிஞ்சு போயிட்டேன்னு நினைக்காதீக. காது குடுத்துக் கேக்கிறேன், அவ்வளவுதான்.

இதுல ஊருக்கு இன்னொரு கவலை. நல்ல நாள் பார்த்துப் புதுத் தாலி கட்டணுமாம். செண்பகராஜும் தலையை ஆட்டுறான். அவளுக்குக் கழுத்துத் தோல் மஞ்சக் கயிறு பட்டாலே புண்ணாகுது. பெட்டியில இருக்கட்டும், வேணாம்னு நான்தான் சொன்னேன். புருசன் உசுரோட இருக்கையில வெறும் கழுத்தா நடக்கிறா, மாமியாரே சொல்லிக் குடுக்கிறான்னு அதையும் பேசினாக. பேசட்டும். வெறும் கழுத்தோட அவ நடக்கிறாள்ல?

அந்தா, கேட் சத்தம். கடையில இருந்து அவதான் வாறா. அரைக் கை ரவிக்கைதான் போட்டிருப்பா. முழுக்கை தைச்சுப் போடுன்னு வெள்ளத்தாய் படிச்சுப் படிச்சுச் சொல்லியாச்சு, எனக்கு எரியுதும்மான்னுட்டா. தலையைக் குனியாதீக அண்ணாச்சி. பாருங்க, நல்லாவே பாருங்க. அவளும் உங்களைப் பார்க்கட்டும்.

ஆமா முனீசு, இவுகதான். அருப்புக்கோட்டையில இருந்து வந்திருக்காக. டீயெல்லாம் வேணாம்டி. முடிவு சொல்லாம சம்பந்த வீட்டுல கை நனைக்க மாட்டாக, உனக்குத் தெரியாதா? ஏய், வேணாம்னு சொல்றேன்ல.

போயிட்டா. பார்த்தீகளா, நான் சொல்றதை என்னைக்கு அவ கேட்டிருக்கா?

கொண்டு வருவா அண்ணாச்சி. குடிக்கிறதும் குடிக்காததும் உங்க இஷ்டம். குடிக்காட்டி எனக்குக் கோவமில்லை, உங்க மகளுக்கு வேற வீடு, என் மகனுக்கு வேற பொண்ணு. குடுக்கிறதா இருந்தா ஒண்ணு சொல்லிப்புடுறேன். உங்க மககிட்ட அன்பாப் பேசுவேன்னு வாக்குக் குடுக்க மாட்டேன், எனக்கு அது வராது. திட்டுவேன். வேலை வாங்குவேன். ஆனா அவளுக்கு ஒண்ணுன்னா, நீங்களே வந்து நின்னு நிறுத்துன்னு கத்தினாலும் நான் செய்றதை நிறுத்த மாட்டேன். என்னைய அறையணும்னு தோணுச்சுன்னா அறைஞ்சுக்கோங்க. அதுக்கு அப்புறமும் நிறுத்த மாட்டேன்.

என்ன முனீசு, ரெண்டு டம்ளர்தான் கொண்டாந்திருக்க? உனக்கு?

எடுத்துக்கிட்டீகளா அண்ணாச்சி. விளிம்பைப் பிடிங்க, அவ எப்பவும் ரொம்பச் சூடாத்தான் குடுப்பா.